வைரம் பாய்ந்த விலை

2018 அக்டோபரில் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் ஒரே ஒரு பாட்டில் ஒயின் 5,58,000 டாலருக்குப் போனது. பிரான்சின் பர்கண்டியில் விளைந்த 1945ஆம் ஆண்டு ரொமானே-கோந்தி. அதிகம் போனால் 32,000 டாலர் என்றுதான் ஏலம் நடத்தியவர்களே மதிப்புப் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டுச் சரக்கே சுமார் 600 பாட்டில்தான்; அந்த அறுவடையோடு பழைய கொடிகளையும் பிடுங்கிவிட்டார்கள். போதாததற்கு, அது வந்தது ராபர்ட் துருவான் என்ற பர்கண்டி ஒயின் வணிகரின் சொந்த நிலவறையிலிருந்து. எங்கே பிறந்தது, எங்கே கிடந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு விலை என்பது போலி ஒயின் விற்ற ரூடி குர்னியவான் வழக்கில் தெரிந்தது. 2008இல் இவர் ஏலத்துக்குக் கொண்டுவந்த போன்சோ பண்ணையின் குளோ சாந்த்-தெனி பாட்டில்கள் சில 1945ஆம் ஆண்டு முத்திரையோடு இருந்தன. அந்தப் பண்ணை அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980களில்தான். 2014இல் குர்னியவானுக்குப் பத்தாண்டுச் சிறை.

வயது ஏற ஏற விலை ஏறி, ஏலத்துக்கு வரும் சரக்கு நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. சந்தனம். கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது என்று அடுத்தடுத்து நிற்கும் மலைகளில் தானாக வளரும் மரம் அது. திருப்பத்தூரிலும் சத்தியமங்கலத்திலும் வனத்துறையின் சந்தனக் கிடங்குகள் இருக்கின்றன. அங்கே நடக்கும் ஏலத்தில் ஒரு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போவதைச் செய்தியில் படித்துவிட்டு, "இது அநியாய விலை" என்பவர்களும் உண்டு, "நாமும் நட்டால் கோடீஸ்வரர்தான்" என்பவர்களும் உண்டு. களமருதூர் போன்ற ஊர்களின் விவசாயிக்கு இந்த இரண்டாவது பேச்சுதான் ஆபத்து. ஆகவே விலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பழைய ஒயினைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். திறந்துவிட்டால் விற்க முடியாது. சந்தனக் கட்டை அப்படியல்ல. வெட்டுமுகமே சாட்சி சொல்லும். வெளியே வெள்ளை, உள்ளே பழுப்பேறிய வைரம். வெள்ளைக்கு மணம் கிடையாது; அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சிய வைரத்தைத்தான் தரம் பிரிக்கிறார்கள். மரபான தரவரிசையில் பதினெட்டு வகுப்புகள். முதலில் விலாயத் புத்: ஒரு கட்டை ஒன்பது கிலோவுக்குக் குறையக் கூடாது, ஒரு டன்னுக்கு 112 கட்டைக்கு மேல் போகக் கூடாது. அடுத்தது சைனா புத், இதில் பாதி எடை போதும். அதற்கும் கீழே பஞ்சம். அப்படியே இறங்கினால் வேர்க்கட்டை, சில்லு, கடைசியில் தூள் வரை வரும். எண்ணெய்ச் செறிவு வேரில்தான் அதிகம் என்பதால் சந்தன மரத்தை அடிமரத்தில் அறுப்பதில்லை; வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். ஒரே நாளில், ஒரே கிடங்கில், ஒரே மரத்துக்குள்ளேயே இத்தனை விலை. "சந்தனம் கிலோ இவ்வளவு" என்று ஒற்றை எண்ணைச் சொல்பவர் பாதிதான் சொல்கிறார்.

இதில் வயதுதான் முக்கியம். வைரம் பாயத் தொடங்கவே ஏறக்குறைய பத்தாண்டு பிடிக்கும். கனமான கட்டையும் நல்ல எண்ணெயும் வேண்டுமென்றால் முப்பதாண்டுக்கு மேல் மரம் நிற்க வேண்டும். பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சி வளரும் பாதி ஒட்டுண்ணி என்பதால் தண்ணீரும் உரமும் கொட்டி அதை அவசரப்படுத்தவும் முடியாது. காட்டில் முதிர்ந்த மரங்கள் வெட்டுக்கும் திருட்டுக்கும் நோய்க்கும் போய்விட்டன. முதிர்ந்த வைரத்துக்குக் கிடங்கில் கிடைக்கும் விலை என் பார்வையில் அதிகமில்லை. வாங்குபவர் பல பத்தாண்டுகளை வாங்குகிறார். அரசு முத்திரையும் பாதைச்சீட்டும் இருப்பதால் துருவான் நிலவறைக்கு நிகரான உறுதியும் சேர்ந்தே கிடைக்கிறது.

இந்த விலை மலைமக்களுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கியதாகச் சொல்லி, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதற்காகக் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பானது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கட்டைக்கு வந்த பணத்தில் அந்த ஊருக்கு எதுவும் சேரவில்லை. அடி மட்டும்தான் விழுந்தது.

அதிக விலை எங்கே இருக்கிறது என்றால், முதிர்ந்த மரத்தின் ஏல விலையை இளம் மரத்தின் மேல் ஒட்டும் கணக்கில் இருக்கிறது. 2002இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்றாக்கியது. ஆனாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். நல்ல திருத்தம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, ஏக்கருக்கு இத்தனை கன்று, கன்றுக்கு இத்தனை கிலோ, கிலோவுக்கு விலாயத் புத் விலை என்று பெருக்கிக் காட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நம் சந்தனத்தையே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்ட குவின்டிஸ் நிறுவனம், அப்படிப்பட்ட எதிர்கால விலைகளை நம்பிய முதலீட்டாளர்களின் பணத்தில் வளர்ந்தது. 2018 ஜனவரியில் நிர்வாகம் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. தண்ணீர், நிலம், நிபுணர்கள் எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது இது.

கன்று விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பதினைந்தாம் ஆண்டில் வெள்ளை போக வைரம் எத்தனை கிலோ என்று எந்தத் தோட்டத்தில் எடை போட்டுப் பார்த்தார்? அந்தக் கட்டை எந்த வகுப்பில் சேர்ந்தது? அந்த வகுப்பு சென்ற ஏலத்தில் என்ன விலைக்குப் போனது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, நிலத்தில் குழி எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.