ரெண்டு பேர் சேர்ந்தாலே தாளமும் சேரும்... தெரியுமா?

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நடவு வயலைப் பார்த்திருக்கிறீர்களா? பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். ஒரு கையில் நாற்று முடி, மறு கை விரல்களில் ரெண்டு மூணு நாற்று. சேற்றில் ஒரு ஊன்று, பின்னால் ஒரு எட்டு, மறுபடி ஒரு ஊன்று! யாரும் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிச் சொல்வதில்லை. ஆனாலும் வரிசை கோணாது. ஒருத்தி பாட்டெடுத்தால் போதும், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கை தன்னால் ஓடும். குலவை போடும்போது அத்தனை நாக்கும் ஒன்றாகக் கிளம்பும்!

"எல்லாம் பழக்கதோஷம்" என்று தள்ளிவிடாதீர்கள். கூடியிருக்கும் மனிதர்கள் எப்படி ஒரே தாளத்துக்கு வந்து சேருகிறார்கள் என்று உலகெங்கும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். கிடைத்த பதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிவாரிப் போடுகின்றன!

கேள்வி முடியும் முன்பே பதில் ரெடி!

"அண்ணே, சர்க்கரை தூக்கலாவா?" "கம்மியாவே போடுப்பா!" டீக்கடையில் இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கும்? உலகின் 10 மொழிகளில் பேச்சை அளந்த ஆய்வு 2009-ல் வெளியானது. சராசரி இடைவெளி சுமார் 0.2 நொடி! கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே சுமார் 0.6 நொடி பிடிக்கும். கணக்கு உதைக்கிறதே? உதைக்காது! எதிராளி எப்போது முடிப்பார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மூளை பதிலைத் தயார் செய்துவிடுகிறது.

அவர் காலாட்டினால் நீங்களும் ஆட்டுவீர்கள்!

பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் காலை ஆட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் உங்கள் காலும்! அமெரிக்காவில் சார்ட்ரண்ட், பார்க் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் இதை நிரூபித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் முகத்தைத் தடவினால் எதிரில் இருப்பவரும் கூடுதலாகத் தடவினார், காலாட்டினால் காலாட்டினார். தான் அப்படிச் செய்ததே அவருக்குத் தெரியாது! இன்னொன்று: தங்கள் அசைவுகளை நைசாக அப்படியே திருப்பிச் செய்தவரை, ஆட்களுக்குக் கூடுதலாகப் பிடித்துப்போனது.

முன்னே போவது யார்? யாருமில்லை!

புதுக்கோட்டை என்றாலே தாளம்தான். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒரு சொல்லை வைக்கும், கஞ்சிரா அதைத் திருப்பும். குறைத்துக் குறைத்துக் கொண்டுபோய், கடைசியில் வரும் கோர்வையில் இருவரும் ஒரே புள்ளியில் வந்து விழுவார்கள். சபை "ஆஹா!" என்னும்.

இதில் வழிநடத்துவது யார்? டென்மார்க்கில் இரண்டிரண்டு பேரைச் சேர்த்து விரலால் தாளம் போடச் சொன்னார்கள். 2010-ல் வந்த முடிவு: தலைவன், தொண்டன் என்று யாருமில்லை! இவர் தட்டலைக் கேட்டு அவர் அடுத்த தட்டலைத் திருத்துகிறார், அவர் தட்டலைக் கேட்டு இவர் திருத்துகிறார். இரண்டு பேருமே பின்தொடர்கிறவர்கள்தான்!

பூக்குழியில் இறங்குவது அவர், படபடப்பது இவருக்கு!

ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற ஊரிலும் நம்மூர் போலவே தீ மிதிப்பார்கள். அங்கே மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்புக் கருவியை மாட்டிவிட்டார்கள். ஆய்வு வெளியான ஆண்டு 2011. சும்மா உட்கார்ந்து பார்த்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் தணலில் நடந்தவரின் துடிப்போடு சேர்ந்தே ஏறி இறங்கியது! வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு? அப்படி எதுவும் இல்லை! பந்தம் இருந்தால்தான் துடிப்பு சேர்கிறது.

பஜனையில் இதயமும் பாடும்!

சுவீடனில் மாணவர்களைக் கூட்டாகப் பாடவைத்து அளந்தார்கள் (2013). வரி முடியும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்குகிறார்கள் அல்லவா? அந்த மூச்சோடு சேர்ந்து எல்லோருடைய இதயத்துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கியது!

கைதட்டல் ஒன்றுசேர்ந்தால் வேகம் பாதி!

ருமேனியா, ஹங்கேரி அரங்குகளில் கைதட்டலைப் பதிவுசெய்து 2000-ல் வெளியிட்டார்கள். முதலில் சடசடவென்று ஆளுக்கொரு பக்கம். திடீரென்று எல்லாக் கைகளும் ஒரே தாளத்தில்! அப்போது ஒவ்வொருவரும் தட்டும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. உற்சாகம் ஏறி மறுபடி வேகமெடுத்தால் தாளம் கலைந்துவிடும்!

வடம் பிடித்தால் வலி தெரியாது!

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்களைத் துடுப்புப் பயிற்சி எந்திரத்தில் தனியாகவும் குழுவாகவும் பயிற்சி செய்யவைத்தார்கள் (2010). உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து துடுப்புப் போட்ட பிறகு அவர்களால் கூடுதல் வலி தாங்க முடிந்தது! வெயிலில் வெறுங்காலோடு தேர் இழுத்துவிட்டு, "வலியே தெரியலப்பா" என்பாரே உங்கள் மாமா... அதில் அருளோடு கொஞ்சம் அறிவியலும் இருக்கலாம்!

14 மாதக் குழந்தைக்கும் தெரியும்!

கனடாவில், பாட்டுப் போட்டு ஒருவர் குழந்தையைத் தூக்கி ஆட்டினார். எதிரே நின்ற இன்னொருவரும் ஆடினார், சில குழந்தைகளோடு தாளம் சேர்ந்து, சில குழந்தைகளோடு தாளம் தப்பி. பிறகு அந்த எதிராளி துணி கிளிப்பைத் தவறவிடுவதுபோலக் கீழே போட்டார். தன்னோடு தாளம் சேர்ந்து ஆடியவருக்கு ஓடிப்போய் எடுத்துக் கொடுத்த குழந்தைகளே அதிகம்! தாளம் தப்பி ஆடியவருக்கு உதவி குறைவுதான். 2014 ஆய்வு இது. பேச்சு சரியாக வராத வயதிலேயே குழந்தை, "நம்மோடு சேர்ந்து ஆடுகிறவர் நம்மாள்" என்று கணக்குப் போட்டுவிடுகிறது!

ஆகவே, அடுத்த திருவிழாவில் கும்மி அடிக்கக் கூப்பிட்டால், "எனக்கு ஆட வராது" என்று ஓரமாக நின்று செல்போனில் படம் பிடிக்காதீர்கள். வட்டத்துக்குள் நுழைந்து கையைத் தட்டுங்கள். நீங்கள் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் சரிக்கட்டுவார்; அவர் தப்பினால் நீங்கள் சரிக்கட்டுவீர்கள்!