டிராக்டரின் கியர்ப் பெட்டியில் எழும் சப்தமும் அதன் காரணங்களும்

நாற்று முதிர்ந்து, வாய்க்காலில் முறைத் தண்ணீரும் வந்துவிட்ட சமயத்தில், டிராக்டரின் கியர்ப் பெட்டி கரகரவென்று அரைக்கத் தொடங்குமாயின் குடியானவருக்கு நேரும் சங்கடம் சிறிதன்று. பெட்டியைப் பிரிப்பதென்றால் பெரும்பாலான வண்டிகளை நடுவே இரண்டாகக் கழற்ற நேரிடும். கூலியும் நாட்களும் அதில் கழியும். எனினும், குற்றம் பெட்டியில் இல்லாமல் கிளச்சிலேயே இருப்பதும் உண்டு. ஆகையால் சப்தம் எப்பொழுது எழுகிறது, எப்பொழுது நிற்கிறது என்பதை முதலில் கவனித்தல் வேண்டும்.

எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குச் செல்லாமல் பிரித்து வைப்பதே கிளச்சின் வேலை. அது முற்றிலும் விடுபடாவிடில், சுழலும் பற்சக்கரத்தின்மேல் நிற்கும் பற்சக்கரத்தைத் தள்ளியதாக முடியும். இதனைச் சோதிப்பது எளிது. சமதரையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளச்சை முழுவதும் மிதித்து, சில வினாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியர் போட வேண்டும். அரைத்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்க்கவும். நின்ற நிலையில் தடையின்றி விழுந்து, ஓடும்பொழுது மட்டும் அரைக்குமாயின் குற்றம் கிளச்சினுடையதே. மிதி வெறுமையாக அசையும் இடம் அதிகமாகியிருத்தல் இதற்கு முதற்காரணம். அதன் அளவு வண்டியுடன் தரப்பட்ட கைப்புத்தகத்தில் உண்டு. இணைப்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். அவ்விடம் அறவே குறைந்தாலோ கிளச் வழுக்கித் தேயும். மிதியின்மேல் காலை வைத்தபடியே உழும் ஓட்டுநர் செய்யும் கேடும் இதுவே.

எஞ்சின் நின்றபின்னும் லீவர் இறுகியிருந்தால், நியூட்ரலில் வண்டியை ஒரு சாண் தள்ளி மறுபடி முயல வேண்டும். பல்லுக்குப் பல் எதிர்ப்பட்டிருக்கக் கூடும். அதன்பின்பும் அசையாவிடில் லீவரின் அடியோ, பற்சக்கரத்தைத் தள்ளும் கவையோ பழுதுற்றிருக்கலாம்.

நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளச்சை மிதித்தவுடன் அடங்குமாயின் பெட்டியின் முன் தண்டைத் தாங்கும் பேரிங்கையும், மிதித்தவுடன் எழுமாயின் கிளச்சின் ரிலீஸ் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே கியரில் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் பற்கள். எல்லாவற்றிலும் அரைத்தால் எண்ணெயும் பேரிங்குகளும். சுமையில் கியர் தானே நழுவினால் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரெய்லர் இழுப்பது, சரிவில் உயிருக்கே ஆபத்து.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். அச்சின் சீல்கள் தேய்ந்த வண்டியைச் சேற்றுழவில் இறக்கினால் சேற்றுநீர் உள்ளே புகும். நீர் கலந்த எண்ணெய் மோர்போல் வெளுத்துக் காணும். பற்களுக்கிடையே அது தாங்கி நிற்காது, பேரிங்குகளும் துருவேறும். சேற்றுழவு முடிந்ததும் வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் எஞ்சினை இயக்குமுன் எண்ணெய் வடிக்கும் திருகைச் சிறிது தளர்த்தினால், அடியில் தங்கிய நீர் முதலில் சொட்டும். திருகில் காந்தம் இருந்தால் அதில் பசைபோல் ஒட்டும் மெல்லிய தூள் இயல்பானது. விரலில் உறுத்தும் சில்லுகள் காணப்பட்டால் வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது. சப்தத்தை அடக்கவென்று கெட்டி எண்ணெய் ஊற்றுவதும் தவறு. பல டிராக்டர்களில் ஹைட்ராலிக் தூக்கிக்கும் அதே எண்ணெயே ஆதலால் தூக்கியும் மந்தமாகும்.

கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை டிராக்டர்களைப் பலர் மாறி மாறி ஓட்டுகின்றனர். எந்தக் கியரில், எந்த வேலையில் சப்தம் எழுந்தது என்பதை அன்றன்றே தினக்குறிப்பில் எழுதச் செய்வது அவற்றின் பொறுப்பாளர்களுக்கு நலம். மெக்கானிக் எதனைப் பிரிக்க வேண்டும், எதனைத் தொட வேண்டியதில்லை என்பது அதிலிருந்து தெரியும்.