சின்தெடிக்கா, மினரலா? உங்கள் காருக்கு எந்த இன்ஜின் ஆயில்?

சர்வீஸுக்கு விட்ட காரைப் பற்றி மதியம் ஒரு போன் வரும். ‘‘சார், ஆயில் மாத்தணும். சாதாரணம் போடவா, சின்தெடிக் போடவா? சின்தெடிக்னா கொஞ்சம் கூட ஆகும்... ஆனா இன்ஜினுக்கு நல்லது!’’

ஆபீஸ் வேலைக்கு நடுவே இருப்பவர் என்ன செய்வார்? ‘எது நல்லதோ அதைப் போடுங்க’ என்பார் ஒருவர். ‘எப்பவும் போடுறதையே போடுங்க’ என்பார் இன்னொருவர். இரண்டுமே யோசிக்காமல் சொல்லும் பதில்கள்தான். முதல் பதிலில் சில ஆயிரம் ரூபாய் வீணாகலாம். இரண்டாவது பதிலில் இன்ஜினே வீணாகலாம்.

ஒரு வீட்டில் இரண்டு கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவிடம் இருபது வயதான சின்ன பெட்ரோல் கார். மகள் போன வருடம் வாங்கியது டர்போ பெட்ரோல் கார். ‘‘என் வண்டி இத்தனை வருஷமா இந்த ஆயில்லதான்மா ஓடுது. உன் வண்டிக்கும் இதையே ஊத்திடலாம்’’ என்கிறார் அப்பா. ‘‘இல்லப்பா, உங்க வண்டிக்கும் சின்தெடிக்கே போடுங்க. அதுதான் பெஸ்ட்’’ என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?

என்ன வித்தியாசம்?

இன்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் உரசாமல் நடுவே மெல்லிய படலமாக நிற்பதுதான் ஆயிலின் முதல் வேலை. கூடவே சூட்டைக் கடத்த வேண்டும், கரியையும் அழுக்கையும் தன்னோடு சுமக்க வேண்டும், துருவைத் தடுக்க வேண்டும்.

மினரல் ஆயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கப்படுவது. அதன் மூலக்கூறுகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். கடும் சூட்டில் சில சீக்கிரம் ஆவியாகும். சில கெட்டிப்பட்டு கசடாகும். சின்தெடிக் ஆயிலின் மூலக்கூறுகள் ரசாயன முறையில் ஏறக்குறைய ஒரே அளவாக உருவாக்கப்படுகின்றன. அதனால் சூட்டில் எளிதில் கெடுவதில்லை. குளிர்ந்த நிலையிலும் தாராளமாக ஓடும்.

ஆனால், ‘சின்தெடிக்’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. கச்சா எண்ணெயையே மிகக் கடுமையாகப் பதப்படுத்தி, மூலக்கூறுகளை மாற்றியமைத்த ஆயிலையும் சின்தெடிக் என்று விற்கலாமா என இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு இடையே அமெரிக்காவில் தகராறு வந்தது. ‘விற்கலாம்’ என்று 1999-ல் விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. இன்று கடைகளில் உள்ள சின்தெடிக் ஆயில்களில் பல அந்த வகையைச் சேர்ந்தவையே. அவையும் நல்ல ஆயில்கள்தான். ஆனால் டப்பாவின் முகப்பில் உள்ள ஒரு வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க முடியாது என்பதற்கு இது சாட்சி. ‘செமி சின்தெடிக்’ என்பது இரண்டின் கலவை. எது எவ்வளவு என்று பெரும்பாலும் டப்பாவில் இருக்காது.

டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்?

முதலில் பார்க்க வேண்டியது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20, 20டபிள்யூ-40 போன்ற எண்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், ஆயில் குளிர்ந்திருக்கும்போது எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் வேகமாக மேலே ஏறும். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கானது.

‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி’ என்று பலர் சொல்வார்கள். வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடும் இன்ஜினின் கூலன்ட்டைச் சுமார் 90 டிகிரியில் வைத்திருக்க தெர்மோஸ்டாட் இருக்கிறது. புது இன்ஜின்களில் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி மிக நுண்ணியது. அங்கே கெட்டி ஆயில் நுழையவே தாமதமாகும், மைலேஜும் குறையும்.

அடுத்தது ஏபிஐ தரம். பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ்என், எஸ்பி, எஸ்க்யூ என்று இருக்கும். இரண்டாவது எழுத்து ஆங்கில அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ, அவ்வளவு புதிய தரம். எஸ்பி 2020-லும் எஸ்க்யூ 2025-லும் வந்தன.

இந்த இரண்டு தகவல்களும் காரின் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அங்கேதான் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. மேனுவலில் 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 என்று இருந்தால், சின்தெடிக்கா மினரலா என்ற குழப்பமே வேண்டாம். அவ்வளவு இளகிய ஆயிலை வெறும் மினரலில் செய்ய முடியாது.

அப்பா கார், மகள் கார்

மகளின் காரில் இருக்கும் டர்போ, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதன் தண்டைத் தாங்குவது ஆயில் படலம்தான். அங்குள்ள சூட்டில் மினரல் ஆயில் கருகி, ஆயில் செல்லும் நுண்ணிய பாதைகளை அடைத்துவிடும். இன்னோர் ஆபத்தும் உண்டு. சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளலாம். அது பிஸ்டனையே உடைக்கும். எஸ்பி தர ஆயில் இதைத் தவிர்ப்பதற்கான சோதனையிலும் தேறியது. ஆக, அப்பாவின் ஆயில் இங்கே கூடவே கூடாது. வாரன்டி இருக்கும்போது மேனுவல் சொல்லாத ஆயிலை ஊற்றினால், பின்னால் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்பாவின் காருக்கு மேனுவல் 20டபிள்யூ-40 சொல்கிறது, வாரம் இரண்டு நாள் ஓடுகிறது, நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறார் என்றால், நல்ல மினரல் ஆயிலே போதும். சின்தெடிக் ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால், கொடுக்கும் காசுக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

டீசல் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் இருந்தால், சாம்பல் குறைவாகத் தரும் சிறப்பு ஆயில்தான் போட வேண்டும். தவறான ஆயில் ஃபில்டரை அடைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

ஒரு காருக்கு மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கிறது. மினரல் லிட்டர் 400 ரூபாய், சின்தெடிக் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மாற்ற மினரலுக்கு 1,400, சின்தெடிக்குக்கு 2,800. மினரலை 5,000 கிலோமீட்டரிலும் சின்தெடிக்கை 10,000 கிலோமீட்டரிலும் மாற்றினால், 10,000 கிலோமீட்டருக்கு இரண்டுக்கும் ஒரே செலவு. மினரலுக்கு ஃபில்டரும் கூலியும்தான் இரண்டு தடவை. நிறைய ஓடும் காருக்கு சின்தெடிக் உண்மையில் விலை அதிகமில்லை. வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு நிலைமை வேறு. எந்த ஆயிலானாலும் அதை வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

‘சின்தெடிக் போட்டிருக்கோமே, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. தினமும் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். டிராஃபிக்கில் நிற்கும் நேரத்தில் கிலோமீட்டர் ஏறாது. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இப்படி ஓடும் கார்களுக்கு இன்னும் சீக்கிரமே மாற்றச் சொல்லி மேனுவலிலேயே தனி அட்டவணை இருக்கும்.

சில சந்தேகங்கள்

‘ஒருமுறை சின்தெடிக் போட்டால் மினரலுக்குத் திரும்ப முடியாதா?’ முடியும், மேனுவல் அனுமதித்தால்.

‘ஆயில் கறுப்பானால் கெட்டுவிட்டதா?’ இல்லை. அழுக்கைச் சுமக்கும் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். டீசல் காரில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும்.

‘வழியில் ஆயில் குறைந்தால் வேறு ஆயில் சேர்க்கலாமா?’ அவசரத்துக்குச் சேர்க்கலாம். ஆயிலே இல்லாமல் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். பிறகு சரியான ஆயிலாக மாற்றிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, சமதளத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டினாலும் ஆபத்துதான், நுரைத்துப்போகும். வெளியே ஆயில் மாற்றினால் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுவது நல்லது. போலி ஆயில் நிரப்ப அது பயன்படாது.

அடுத்த முறை சர்வீஸிலிருந்து போன் வந்தால், ‘சாதாரணமா, சின்தெடிக்கா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். ‘‘மேனுவல்ல 0டபிள்யூ-20, எஸ்பின்னு இருக்கு. அதையே போடுங்க. பில்லுலயும் அதை எழுதிடுங்க’’ என்று உங்கள் காருக்கான எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு முன், டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமல் கிடக்கும் அந்தப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, ஆயில் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.