ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் வேகமாக ஆன் ஆகிறதா? காரணம் என்ன, என்ன செய்யலாம்?

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, டீ குடித்துத் திரும்பி வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறதா? எஸ்எஸ்டி போட்ட பிறகும் இதே கதையா? அப்படியானால் விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்வதற்கு முன்பு, கம்ப்யூட்டரோடு சேர்த்து மாட்டியிருக்கும் மற்ற ஹார்ட் டிஸ்க்குகளை ஒருமுறை கவனியுங்கள்.

நாம் தினமும் வேலை செய்யாத, சும்மா பேக்கப்புக்காக மாட்டி வைத்திருக்கும் டிஸ்க்கூட ஸ்டார்ட் ஆகும் நேரத்தைக் கெடுக்கலாம். சில சமயம் அது வெறும் எரிச்சல். சில சமயம், அந்த டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கான முதல் எச்சரிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

பயன்படுத்தாத டிஸ்க் ஏன் தாமதப்படுத்துகிறது?

கொச்சியில் வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினல் போன்ற ஒரு துறைமுகத்தின் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. முன்னால் நிற்கும் ஒரு லாரியின் பேப்பர் சரியில்லை என்றால், எல்லாம் சரியாக வைத்திருக்கும் பின்னால் உள்ள லாரிகளும் காத்திருக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ (பழைய மெஷின்களில் பயாஸ்) என்ற மென்பொருள், என்னென்ன கருவிகள் மாட்டியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். அதன் பிறகு விண்டோஸும் தன் பங்குக்கு ஒருமுறை விசாரிக்கும். டிஸ்க் உடனே பதில் சொல்லிவிட்டால் பிரச்னை இல்லை. பதில் வராவிட்டால் காத்திருந்து, திரும்பக் கேட்டு, மறுபடி காத்திருக்கும்.

எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலோ, நின்றுகொண்டிருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று என்ற வேகத்தை எட்ட வேண்டும். அதற்கே சில விநாடிகள் ஆகும். இது இயல்பான தாமதம். ஆனால் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று போனால் அது இயல்பு இல்லை.

முதலில் டிஸ்க்தான் காரணமா என்று எப்படி உறுதி செய்வது?

எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் முறையாக எஜெக்ட் செய்து கழற்றுங்கள். பிறகு ரீஸ்டார்ட் கொடுத்து, மொபைல் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பாருங்கள். அடுத்து ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் கொடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷட் டவுன் செய்யாமல் ஏன் ரீஸ்டார்ட்? 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை; தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் சேமித்து வைத்து, மறுநாள் அதை எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே சரி.

எந்த இடத்தில் நிற்கிறது?

நேரத்தைவிட, தாமதம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

*லோகோ வருவதற்கு முன்போ, லோகோவிலேயோ நின்றால்:* டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறங்கள். மேலே வலதுபக்கம் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று சில விநாடிகள் காட்டும். விண்டோஸ் பொறுப்பேற்பதற்கு முன்பு ஆன நேரம் அது. டிஸ்க்கை மாட்டினால் இந்த எண் எகிறுகிறது என்றால், விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. யுஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய், பூட் வரிசையில் விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியை முதலிடத்தில் வையுங்கள். யுஎஸ்பி-யிலிருந்து பூட் செய்வது தேவையில்லை என்றால் அதைக் கீழே தள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆபீஸ் லேப்டாப் என்றால் இதில் கை வைப்பதற்கு முன் ஐடி டீமிடம் கேளுங்கள். பிட்லாக்கர் போட்ட மெஷினில் பூட் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம். சொந்த லேப்டாப் என்றாலும் அந்தக் கீ கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

*வட்டம் சுற்றும்போது நின்றால்:* விண்டோஸ் டிஸ்க்கிடம் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். டிரைவை ஸ்கேன் செய்து ரிப்பேர் செய்வதாகத் திரையில் செய்தி வந்தால், கடந்த முறை டிஸ்க்கை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருக்கலாம். ஒருமுறை வந்தால் பரவாயில்லை. தினமும் வந்தால் கவலைப்பட வேண்டும்.

*லாகின் செய்த பிறகு நின்றால்:* டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களையோ, ஒன்டிரைவ் போன்ற கிளவுட் ஃபோல்டரையோ அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி என்றால், டிஸ்க் தயாராகும் வரை டெஸ்க்டாப்பும் தயாராகாது. தினமும் தேவைப்படும் ஃபோல்டர்களை எஸ்எஸ்டிக்குக் கொண்டுவந்தால் போதும்.

கேபிளும் பவரும்

டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் மின்சாரம் 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 900 மில்லிஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் சுற்றத் தொடங்கும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும். அந்த நேரத்தில் போதவில்லை என்றால், தொடங்கி நின்று மறுபடி தொடங்கும். பல கருவிகளை ஒரே யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருந்தால் டிஸ்க்கை மட்டும் நேராக லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள்.

எஸ்எஸ்டி போட்டவர்கள் கவனிக்க

பழைய ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே விட்டுவிட்டு, கூடுதலாக எஸ்எஸ்டி போட்டு அதில் விண்டோஸ் இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். அப்போது பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடுவது உண்டு. அதாவது, விண்டோஸ் எஸ்எஸ்டியில். ஆனால் வாசல் கதவு மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்.

இதைப் பார்க்க 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கவனியுங்கள். பழைய டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அதை ஃபார்மட் செய்யவோ கழற்றவோ வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போய்விடும். முதலில் எஸ்எஸ்டியில் பூட் ஃபைல்களை உருவாக்க வேண்டும். பழக்கம் இல்லை என்றால் சர்வீஸ் ஆளிடம் இதைக் குறிப்பிட்டுச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு

பூட் ஆகும்போது சரியாக ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டு நிற்கிறதா? கழற்றிவிட்ட ஒரு டிஸ்க்கின் பெயர் எஃப்எஸ்டேப் ஃபைலில் இன்னும் இருக்கலாம். சிஸ்டம்டி அதற்காக 90 விநாடிகள் காத்திருக்கும். அந்த வரியை நீக்குங்கள். அவ்வப்போது மாட்டும் டிஸ்க் என்றால் 'நோஃபெயில்' என்ற ஆப்ஷனைச் சேருங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

இதுவரை சொன்ன எதிலும் தீரவில்லை, நாளுக்கு நாள் தாமதம் கூடுகிறது, டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வருகிறது, சில ஃபைல்களைத் திறந்தால் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது என்றால், டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' பதிவுகளைக் காட்டும். அதில் மூன்றைப் பாருங்கள். 'ரீஅலகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' ஆகிய இரண்டும் பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால், டிஸ்க்கின் பரப்பே கெட்டுவருகிறது என்று அர்த்தம். 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி.

இந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, உடனே செக்டிஸ்க் ஓட்டுவது. முழு டிஸ்க்கையும் படித்து, திருத்தி எழுத முயலும் வேலை அது. ஏற்கனவே தள்ளாடும் டிஸ்க்குக்கு அது கடைசி அடியாகிவிடலாம். முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர். அதிலும் சர்டிபிகேட், கல்யாண போட்டோ, கிளையன்ட் ஃபைல் என்று திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். டவுன்லோட் செய்த சினிமா எல்லாம் அப்புறம். காப்பி எடுக்கும்போதே சத்தம் அதிகமானால் உடனே நிறுத்தி, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பேக்கப் டிஸ்க்தானே போனால் போகட்டும் என்று விடுவதற்கு முன் ஒரு கேள்வி: அதில் இருப்பது வேறு எங்காவது இருக்கிறதா? லேப்டாப்பில் இடம் காலியாக வேண்டும் என்று போட்டோக்களை அதற்கு மாற்றி, இங்கே அழித்திருந்தால், அது பேக்கப் இல்லை. ஒரே பிரதி. 3-2-1 என்ற விதியை நினைவில் வையுங்கள்: மொத்தம் 3 பிரதிகள், 2 வகை சேமிப்பில், அதில் 1 வேறு இடத்தில்.

பேக்கப் எடுக்காத நேரத்தில் அந்த டிஸ்க்கை எஜெக்ட் செய்து அலமாரியில் வையுங்கள். கம்ப்யூட்டரும் சீக்கிரம் ஆன் ஆகும், டிஸ்க்கும் கொஞ்ச காலம் கூட உழைக்கும்.