உரிந்தது யார் தோல்?

நாற்காலிக்கு ஆசைப்படுவோர் பலர். அதைப் பிடிக்க நடப்போர், ஓடுவோர், கூடுவோர், கும்பிடுவோர் என்று எத்தனையோ வகையினரை நாடு கண்டிருக்கிறது. ஆனால் நாம் இன்று பேச வந்தது அந்த நாற்காலியைப் பற்றி அல்ல. நாற்காலியின் மேல் போர்த்தியிருக்கிறதே தோல், அந்தத் தோலைப் பற்றி!

"தோலைப் பற்றியா? தலைக்கு மேல் வெள்ளம் போகும் காலத்தில், தோலைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும். கேட்டுவிட்டுக் கடைசி வரி வரையில் படிக்கட்டும்.

சென்ற மாதம் பெரம்பூரில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். முப்பதாண்டுக் காலம் தொழிற்சாலையில் இரும்போடு போராடி ஓய்வு பெற்றவர். இரும்பைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, ஓசையைக் கேட்டே உள்ளே கீறல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் கை அவருடைய கை. மகள் திருமணத்திற்கு வரும் சம்பந்தி வீட்டார் உட்கார வேண்டுமே என்று, ஓய்வுப் பணத்தில் 65,000 ரூபாயை எண்ணிக் கொடுத்து ஒரு சோபா வாங்கினார். "சுத்தமான தோல் சார், ஆயுசுக்கும் உழைக்கும்" என்றான் கடைக்காரன்.

ஆயுசு எத்தனை ஆண்டு என்று நினைக்கிறீர்கள்? இரண்டே ஆண்டு!

நாம் போய் உட்கார்ந்தோம். எழுந்தபோது வேட்டியெல்லாம் பழுப்புச் செதில். மீனைச் சுரண்டினாற்போல் மெத்தை முழுதும் உரிந்து, அடியிலே துணி பல்லிளித்துக் கொண்டிருந்தது. நண்பர் தலை குனிந்தார். "அண்ணே, நாங்கள்தான் சரியாகப் பாதுகாக்கவில்லை போலிருக்கிறது" என்றார்.

அந்த ஒரு சொல்தான் நம்மை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஏமாற்றியவன் கல்லாவிலே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். ஏமாந்தவன் தன்னையே குற்றவாளியாக்கித் தலை குனிகிறான். ஏன் இந்த நிலை? அறியாமை! அறியாமைதான் ஏமாற்றுபவனுடைய முதல். மற்றதெல்லாம் அவனுக்கு வட்டி.

தோழர்களே! நல்ல தோல் மங்கும், சுருங்கும், கவனிக்காவிட்டால் வெடிக்கவும் செய்யும். ஆனால் செதில் செதிலாக உரிந்து, துணியைக் காட்டாது. அப்படி உரிவது தோல் அல்ல. தோல் என்ற பெயரில் ஒட்டிய பூச்சு. தோல் தொழிற்சாலையில் வெட்டி எறிந்த துண்டையும் தூளையும் அரைத்து, பசை கலந்து, தாளைப் போலத் தட்டி, துணியின் மேல் ஒட்டி, அதன்மேல் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கைப் பூசி, தோலின் சுருக்கத்தை அச்சுக் குத்திவிடுகிறார்கள். இதற்கு 'பாண்டட் லெதர்' என்று பெயர். அதிலே தோல் இருப்பது உண்மை. மாம்பழச் சாயம் கலந்த தண்ணீரிலே மாம்பழம் இருப்பதைப் போன்ற உண்மை! நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பூச்சு நைந்துபோகும்; உரியும். நண்பரின் பாதுகாப்பில் குறையில்லை. பண்டத்தில்தான் குறை.

சரி, அசல் தோலிலாவது ஒரே தரமா? இல்லை. அங்கேயும் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு உண்டு. மனிதரில் அடுக்கு வைத்தது அநீதி. தோலில் அடுக்கு இருப்பது இயற்கை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய மாட்டின் தோல் நாலைந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சோபாவுக்கு வேண்டியதோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஆகவே இயந்திரத்தில் கொடுத்து, அடை தோசையை இரண்டாகப் பிளப்பதுபோல் பிளக்கிறார்கள். ரோமம் இருந்த மேல்பக்கத்தில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். வலிமை அங்கேதான். அந்த மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் அது 'ஃபுல் கிரெயின்'. உண்ணி கடித்த வடு, முள் கீறிய கோடு எல்லாம் அதிலே தெரியும். குறையென்று ஒதுக்காதீர்கள். மாடு வாழ்ந்ததற்கான சான்று அது. வடுக்களை லேசாகத் தேய்த்துச் சமன் செய்தால் 'டாப் கிரெயின்'. சதைப் பக்கத்துக் கீழ் அடுக்கு 'ஸ்பிலிட்'. நார் தளர்ந்தது, வலிமை குறைந்தது. அதன்மேல் கனமாகப் பூச்சடித்து மேல் அடுக்குபோல் வேடம் போட்டு விற்பதும் உண்டு.

'ஜெனுவின் லெதர்' என்று அட்டை தொங்குகிறதே என்பீர்கள். ஸ்பிலிட்டும் தோல்தானே? அட்டை பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியை விழுங்கிவிட்டது!

இந்தக் கலை நமக்கு அந்நியமானதா? அல்லவே அல்ல. ஆவாரம் பட்டையை ஊறவைத்து, அந்தச் சாற்றிலே தோலைப் பதமாக்கி, கடுக்காயால் மெருகேற்றிய மண் இது. அந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரோடு கப்பலேறியது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஆகிற வேலை, சுழலும் டிரம்மில் ஒரே நாளில் முடியத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் அதைச் சோதித்தார். பிறகு எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால் ஓர் ஊருக்கே பெயர் வந்தது. அதுதான் குரோம்பேட்டை! ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று தோலால் பிழைக்கும் ஊர்கள் எத்தனை! தோல் ஆராய்ச்சிக்கென்று 1948-இல் தொடங்கிய மத்திய நிலையம் இருப்பது நம் அடையாற்றில். இத்தனையும் இங்கே இருக்க, நம் வீட்டுத் தொழிலாளி தோலிடம் ஏமாறலாமா?

ஆகவே, வாங்கப் போகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பின்பக்கத்தைப் பாருங்கள். முகத்தைக் கண்டு மயங்குகிறவன்தான் ஏமாறுவான். மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்தால் அடிப்பக்கம் தெரியும். நார் நாராக, பஞ்சு போன்ற மென்மை இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் தோல் அல்ல. வெட்டிய விளிம்பும் பொய் சொல்லாது. துணியும் பூச்சும் அடுக்கடுக்காகப் பிரிந்து தெரியும்.

இரண்டாவது, விரலால் அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் விரிந்து, எடுத்ததும் மறையும். மேற்பரப்பைக் கூர்ந்து பாருங்கள். இயற்கை ஒரே கோலத்தை இரண்டு முறை போடாது. ஓரிடத்துச் சுருக்கம் அச்சுப் பிசகாமல் மற்றோர் இடத்திலும் இருந்தால், அது இயந்திரத்தின் கைவரிசை.

மூன்றாவது, கடைக்காரன் தீக்குச்சி கிழித்து வித்தை காட்டினால் மயங்காதீர்கள். அசல் தோலின் மேலும் பூச்சு உண்டு, அதுவும் கருகும். நெருப்புச் சோதனை சீதைக்கும் நியாயமில்லை, சோபாவுக்கும் நியாயமில்லை! தண்ணீர்ச் சொட்டுச் சோதனையும் அப்படியே. பூச்சடித்த தோலில் தண்ணீர் உருண்டோடும். பூச்சில்லாத தோல் உறிஞ்சும். இரண்டும் தோலே.

நான்காவது, "தோல் எங்கெங்கே?" என்று கேளுங்கள். உட்காரும் இடத்திலும் கைபடும் இடத்திலும் மட்டும் தோல் வைத்து, பக்கத்திலும் முதுகிலும் அதே நிறத்து ரெக்சின் தைப்பது வழக்கம். குற்றமில்லை, சொல்லிச் செய்தால்! எந்த அடுக்குத் தோல், எந்தெந்த இடத்தில் என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கை, ஏமாற்றத் தயங்காத கை.

இனி, எவருக்கு எது பொருந்தும்? சாயம் மட்டும் ஏற்றி, மேலே பூச்சில்லாமல் விடுவது 'அனிலின்'. தொட்டால் வெண்ணெய், ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் கறை, வெயில் பட்டால் வெளுப்பு. காட்சிக்கு வைக்கும் மாளிகைக்கு அது பொருந்தலாம். குழந்தை குதிக்கும், காப்பி சிந்தும், தோழர்கள் கூடும் வீட்டுக்கு நிறப்பூச்சுக் கொடுத்த 'பிக்மென்ட்' தோல்தான் ஏற்றது. துடைத்தால் போகும், தேய்மானம் தாங்கும். அதற்கும் பணம் போதவில்லையா? ரெக்சினே வாங்குங்கள். ரெக்சினில் உட்காருவது இழிவல்ல. ரெக்சினைத் தோல் விலைக்கு விற்பதுதான் இழிவு!

வாங்கிவிட்டோம், பேணுவது எப்படி?

கடையில் போட்டுக் கொடுத்த பாலித்தீன் உறையை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் வைத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம். கழற்றுங்கள். காற்றில்லாமல் ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சணம் பூக்கும். சன்னல் வழியே நேர் வெயில் படுகிற இடத்தில் போடாதீர்கள். நிறம் வெளுக்கும், உள்ளே இருக்கும் கொழுப்பு வறண்டு தோல் வெடிக்கும்.

தலை சாய்க்கும் இடம்தான் முதலில் கெடுகிறது. காரணம், நம் தலையில் இருக்கும் எண்ணெய்! எண்ணெயும் வியர்வையும் ஊறிப் பூச்சை இளக்கிவிடும். அதற்கு வழி என்ன? துண்டு! தோளிலே போட ஒரு காலத்தில் சிலருக்கு உரிமை மறுக்கப்பட்ட துண்டு. மானத்தின் சின்னமாக நாம் தோளில் ஏற்றிய துண்டு. அதில் ஒன்றை நாற்காலியின் தலைமாட்டிலும் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை துவைத்துப் போடுங்கள்.

வாரத்திற்கு ஒருநாள் மெல்லிய உலர்ந்த துணியால் தூசி துடையுங்கள். அழுக்கானால், நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சோப்பும் சோடாவும் வேண்டாம். பதனிட்ட தோல் சற்றே அமிலத் தன்மை கொண்டது; காரம் அதற்குப் பகை. "பளபளக்குமே" என்று தேங்காயெண்ணெய் தேய்ப்போர் உண்டு. பளபளக்கும், இரண்டு நாள்! பிறகு கறுக்கும், சிக்குப் பிடிக்கும், தூசியை அழைக்கும். பூட்ஸ் பாலிஷும் வேண்டாம். உட்காருகிறவர் வேட்டியில் ஒட்டும். தோலுக்கென்று விற்கும் களிம்பை, மறைவான மூலையில் தடவிச் சோதித்தபின், ஆண்டுக்கு இருமுறை இட்டால் போதும்.

எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றுங்கள். பிறகு முகப்பவுடரைத் தூவி, இரவு முழுவதும் விட்டுத் தட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் கண்டால், வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். அது கருவாடு அல்ல!

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். காசு மிச்சமாகும் என்பது ஒரு விடை. அதைவிடப் பெரிய விடை வேறொன்று உண்டு.

உப்பில் ஊறிய பச்சைத் தோலைத் தோளிலே தூக்கியவன் யார்? சுண்ணாம்புக் குழியிலே இறங்கி, ரோமம் களைந்து, சதை வழித்தவன் யார்? தோலைத் தொட்டான் என்பதற்காகவே அவனை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். தொட்டவன் தீட்டு, தொட்டுச் செய்த மிருதங்கம் தெய்வீகம்! உரித்தவன் தீட்டு, உரித்த தோலில் தைத்த ஆசனம் கௌரவம்! இலண்டனில் மக்களவை உறுப்பினர்கள் அமர்வது பச்சைத் தோல் இருக்கையில். பிரபுக்கள் அமர்வது சிவப்புத் தோல் இருக்கையில். ஆளவந்தார்க்கெல்லாம் ஆசனம் கொடுத்த கைக்கு உட்கார ஒரு திண்ணை கொடுக்க மறுத்ததே இந்தச் சமூகம்!

அந்தக் கதை முடிந்துபோன பழங்கதையும் அல்ல. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்களின் மேல் கழிவுச்சேறு பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றைப் பாழாக்கிய கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பது நம் உரிமை. அந்தத் தண்ணீரில் பிறந்த தோலை வீணாக்காமல் காப்பது நம் கடமை. இருபது ஆண்டு உழைக்கவேண்டிய தோலை ஐந்தாண்டில் குப்பையில் போட்டால், வீணாவது நம் பணம் மட்டுமல்ல. ஒருவனுடைய வியர்வை, ஓர் ஊரின் குடிநீர்!

எங்கள் பகுதிப் படிப்பகத்தில் ஒரு பழைய நாற்காலி இருக்கிறது. 1978-இல் ஏலத்தில் எடுத்தது. எத்தனையோ பேர் அதில் அமர்ந்து ஏடு படித்துவிட்டுப் போனார்கள். தோல் மங்கியிருக்கிறது, கைப்பிடியில் கறுத்திருக்கிறது, உரியவில்லை. பெரம்பூர் நண்பரை அழைத்து வந்து அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். விரலால் அழுத்தினார். விளிம்பைப் புரட்டி நாரைப் பார்த்தார். இரும்பைத் தட்டிப் பார்த்த அதே கை, தோலையும் படித்துவிட்டது!

பிறகு அவர் வீட்டுச் சோபாவைப் பிரித்தார். உள்ளே மரச்சட்டம் பழுதில்லை. தெருமுனைக் குஷன் கடைக்காரர், "இது ரெக்சின்தான் அண்ணே, தோல் இல்லை" என்று உண்மையைச் சொல்லி, ரெக்சின் விலைக்கே ரெக்சின் தைத்துக் கொடுத்தார். நண்பர் அதிலே சாய்ந்து உட்கார்ந்தார், இம்முறை தலை நிமிர்ந்து.

உரிந்தது யார் தோல்? நண்பருடைய தோல் அல்ல. மாட்டின் தோலும் அல்ல. ஏமாற்று வணிகத்தின் தோல்! அது உரியட்டும். கேள்வி கேட்கத் தெரிந்த தொழிலாளியின் கையாலேயே உரியட்டும்!