எந்தப் பல்கலைக்கழகத்திற்கு மாறுவது?

'ஆழமறியாமல் காலை விடாதே' என்பது ஆன்றோர் வாக்கு. இது ஆற்றில் இறங்குவதற்கு மட்டுமன்று, கல்லூரி மாறுவதற்கும் பொருந்தும். பள்ளிப் படிப்பை முடித்து ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் தந்தையாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரலாம், திருமணம் நிச்சயமாகலாம், எடுத்த பாடம் மனத்தில் ஒட்டாமற் போகலாம், பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்கு வெளியூர் செல்ல நேரலாம். பெண்களாகிய நமக்கு இந்நிலை சற்று அதிகமாகவே வரும். தவறான இடத்திற்கு மாறினால் ஓராண்டு வீணாகும். ஓராண்டு வீணானால், 'படித்தது போதும்' என்ற பேச்சு வீட்டில் எழ நெடுநேரம் ஆகாது. ஆகவே பள்ளியில் இருக்கும்போதே இதை அறிந்துகொள்வது நலம்.

நம் ஊரின் நிலை

ஆண்டாள் கோயில் கோபுரத்தின் நிழலில் வாழும் நாம், இரண்டு பல்கலைக்கழகங்களின் எல்லையருகே வாழ்கிறோம் என்பதை அறிந்திருக்கிறோமா? விருதுநகர் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. 1966ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இது, 1978இல் பெருந்தலைவர் காமராசரின் பெயரைப் பெற்றது. இராஜபாளையத்தைத் தாண்டித் தெற்கே சென்றால் தென்காசி மாவட்டம் வந்துவிடும். அம்மாவட்டக் கல்லூரிகளும், பாளையங்கோட்டையிலுள்ள புகழ்பெற்ற கல்லூரிகளும் 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஆகவே, சுமார் 75 கிலோமீட்டர் பயணம் செய்து மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் நம் பல்கலைக்கழகம் மாறுவதில்லை. அருகிலுள்ள சங்கரன்கோவில் பக்கம் சென்றால் மாறிவிடுகிறது!

இவையன்றி, கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் நிறுவனம் 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கொடைக்கானலில் மகளிருக்கென்றே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் தொடங்கப்பட்டது.

இங்கே இன்னொரு செய்தியையும் நினைவிற் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் இயங்கி வருகின்றன. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்கினாலும், பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் அக்கல்லூரியே. மதுரை பாத்திமா கல்லூரியும் விருதுநகர் வே.வ. வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவைதாம். எனினும் இரண்டும் தன்னாட்சி பெற்றவையாதலால் இரண்டின் பாடத்திட்டமும் ஒன்றன்று. எனவே பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது.

இடையில் மாறினால்

ஒரு மாணவி விருதுநகரில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு முடித்திருக்கிறாள். குடும்பம் திருநெல்வேலிக்குக் குடிபெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் செய்ய வேண்டியது என்ன?

முதலில், புதிய கல்லூரியின் இரண்டாமாண்டில் காலியிடம் உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். அடுத்து, இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம் என ஒவ்வொரு தாளாகப் பார்த்தல் அவசியம். ஓரிடத்தில் முதலாண்டில் இயற்பியல் துணைப்பாடமாக இருக்கும். மற்றோரிடத்தில் அது இரண்டாமாண்டில் வரும். அங்கே நடந்து முடிந்து, நாம் படிக்காத தாள்களைத் தனியே எழுதித் தேற வேண்டிவரும். நாம் தேறிய சில தாள்கள் அங்கே கணக்கில் வராமலும் போகலாம்.

மூன்றாவதாகச் சான்றிதழ்கள். மாற்றுச் சான்றிதழைத் தருவது கல்லூரி. வேறு பல்கலைக்கழகத்திற்குச் செல்வோருக்கு இடப்பெயர்வுச் சான்றிதழைத் தருவது பல்கலைக்கழகம். இவற்றைப் பெறுவதில் ஒரு முறை உண்டு. சேர்த்துக்கொள்வதாகப் புதிய கல்லூரி எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே பழைய கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் கேட்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே வாங்கிவிட்டால், இருந்த இடமும் போய், புதிய இடமும் கிடைக்காமல் திண்டாட நேரிடும்.

இத்தொல்லையைக் குறைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. மாணவர் தேறிய பாடங்களின் கிரெடிட் புள்ளிகளை வங்கியில் பணம் சேமிப்பதுபோல் சேமித்து வைத்து, வேறு நிறுவனத்திற்கு எடுத்துச் செல்ல இது வழி செய்கிறது. ஐரோப்பிய நாடுகளில் இதுபோன்ற முறை முன்பே வழக்கிலுள்ளது. அங்கு 1987இல் தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டத்திற்கு எராஸ்மஸ் என்று பெயர். அப்பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் எராஸ்மஸ், பாரிஸில் பயின்று, 1506இல் இத்தாலியின் தூரின் நகரில் டாக்டர் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜில் கற்பித்த கத்தோலிக்கக் குருவானவர். ஆயினும் வங்கியில் புள்ளிகள் இருந்தால் மட்டும் போதாது. சேரும் நிறுவனமும் அவற்றை ஏற்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே கேட்பதுதான் அறிவுடைமை.

பட்டம் பெற்றபின் மாறினால்

மாறுவதற்கு ஏற்ற காலம், ஒரு படிப்பு முடிந்து மறு படிப்பு தொடங்கும் வேளையே. நெல் நாற்றைக்கூட உரிய பருவத்தில்தானே பிடுங்கி நடுகிறார்கள்! இளங்கலையை ஓரிடத்தில் முழுமையாக முடித்தால் விடுபட்ட தாள் என்ற தொல்லை இல்லை.

எனினும் இங்கும் எச்சரிக்கை தேவை. நம்முள் பலர் ஆசிரியப் பணியை விரும்புகிறோம். பி.எட். படிப்புக்கென 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. ஆகவே கலைக் கல்லூரியிலிருந்து கல்வியியல் கல்லூரிக்குச் செல்வதும் பெரும்பாலும் பல்கலைக்கழக மாற்றமே. மேலும், அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால், இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடத்தை, அல்லது அதற்கு இணையானதென அரசு ஏற்ற பாடத்தைப் படித்திருக்க வேண்டும். கணிதம் என்ற சொல்லோடு வேறொரு சொல்லும் சேர்ந்து புதுப்பெயருடன் வரும் பட்டங்கள் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் அவை கணிதப் பட்டத்திற்கு இணையென அரசாணை உண்டா என்று பார்த்தல் வேண்டும். ஐந்தாண்டு உழைப்பும் ஒரு பெயரால் பயனற்றுப் போகலாகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்பது முதற்கேள்வி. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அக்குழுவே வெளியிட்டு வருகிறது. நாம் தேறிய தாள்கள் ஏற்கப்படுமா, பெறப்போகும் பட்டம் நாம் விரும்பும் பணிக்குச் செல்லுமா என்பவை அடுத்தவை. அதன் பின்னரே கட்டணம், விடுதி, பேருந்து வசதி ஆகியன. உதவித்தொகையையும் மறத்தலாகாது. 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்கெனத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாதம் 1000 ரூபாய் வழங்குவது, 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. இத்தகைய உதவி பெறுபவர்கள், கல்லூரி மாறினால் அது தொடருமா என்று முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

அன்புத் தோழியரே! பெரிய ஊர், பெரிய கட்டடம், பெரிய பெயர் ஆகியவற்றைக் கண்டு மயங்க வேண்டாம். தோழி சேர்ந்தாள் என்பதற்காக நாமும் சேர வேண்டியதில்லை. இரண்டு பாடத்திட்டங்களையும் ஒரு தாளில் எழுதி, பெற்றோருடனும் ஆசிரியைகளுடனும் அமர்ந்து பேசுவோம். காரணத்தோடு பேசும் மகளின் சொல்லுக்கு வீட்டில் மதிப்புண்டு. அவ்வாறு ஆராய்ந்தபின், இருக்கும் கல்லூரியே சிறந்தது என்று தெரியவந்தாலும் அது நல்ல முடிவே. எங்கு மாறினாலும் நாம் கற்ற கல்வி குறையாமல் நம்மோடு வர வேண்டும். இறையருளை வேண்டி, ஆராய்ந்து அடியெடுத்து வைப்போம். எடுத்த படிப்பை நிறைவு செய்து நம் பள்ளிக்குப் பெருமை சேர்ப்போம்!