முகாமின் வாசலில் க்யூஆர் குறியீடு

மருத்துவ முகாம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் நீண்ட வரிசையும்தான். மருத்துவர்களாகிய எங்களுக்கு நினைவில் எழுவது முகாம் முடிந்த மறுநாள். விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தவர் யார், அவர் எங்கே வசிக்கிறார், மறுபரிசோதனைக்கு வருவாரா என்னும் கேள்விகள் அன்றுதான் எழும். நோட்டில் அவசரமாக எழுதப்பட்ட பெயரும், ஓர் இலக்கம் விடுபட்ட கைப்பேசி எண்ணும் அவற்றுக்கு விடை தருவதில்லை.

இந்தக் கவலை சிறியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும் இவர்களுள் உள்ளனர். அவர்களைக் கண்டறிவதற்கே முகாம் நடத்துகிறோம். ஆயினும் முகாமில் செய்யும் விரல் நுனிச் சோதனை ஓர் எச்சரிக்கை மட்டுமே. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்னும் வரம்புகளை ஆய்வகத்தில் இரத்த நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டும். அந்த இரண்டாவது சோதனைக்கு வராதவருக்கு முகாம் நடந்ததும் நடவாததும் ஒன்றே.

இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே, வடபழனியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாங்கள் நடத்தும் முகாம்களில் க்யூஆர் குறியீட்டைப் பயன்படுத்தி வருகிறோம். சுவரொட்டியில் இருப்பது ஒரு குறியீடு. அதை ஸ்கேன் செய்தால் பதிவுப் படிவம் திறக்கும். பதிவு செய்தவருக்குக் கிடைக்கும் டோக்கனில் இருப்பது வேறொரு குறியீடு. எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் என ஒவ்வொரு மேசையிலும் அதை ஸ்கேன் செய்த பின்னரே அளவுகள் பதிவாகும். ஒருவருடைய அளவு மற்றொருவர் பெயரில் ஏறுவதை இது பெரிதும் தடுக்கிறது. முகாம் முடியும்போது, மறுபரிசோதனை தேவைப்படுவோரின் பட்டியலும் ஆயத்தமாக இருக்கும்.

இக்குறியீடு முதலில் மருத்துவத்துக்காகவோ பணப் பரிமாற்றத்துக்காகவோ உருவானதன்று. 1994-ஆம் ஆண்டு ஜப்பானில், டென்சோ நிறுவனத்தின் பொறியாளர் மசஹிரோ ஹாராவும் அவர்தம் குழுவினரும் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக இதனை வடிவமைத்தனர். பழைய கோட்டுக் குறியீட்டில் ஏறத்தாழ 20 எழுத்துகளே அடங்கின; எனவே தொழிலாளர்கள் ஒரே பெட்டியின்மீது பல குறியீடுகளைப் படிக்க வேண்டியிருந்தது. கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ‘கோ’ என்னும் பலகை விளையாட்டு தமக்குத் தூண்டுதலாக இருந்தது என்று ஹாரா கூறியிருக்கிறார். மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களைக் கண்டே கேமரா குறியீட்டை அடையாளம் காண்கிறது. அச்சதுரங்களின் கறுப்பு வெள்ளை அளவு 1:1:3:1:1 என்னும் விகிதத்தில் அமைந்தது. அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகத் தென்படும் விகிதம் எது என்று தேடி அக்குழுவினர் இதனைத் தேர்ந்தனர். காப்புரிமையைக் காட்டி எவரையும் தடுக்காமல், அந்நிறுவனம் இதனைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுவிட்டது. இன்று பூக்கடை முதல் மருத்துவமனை வரை இது பரவியிருப்பதற்கு அந்த முடிவே பெரிதும் காரணம் என்பது எங்கள் கருத்து.

முகாமுக்கு மிகவும் பயன்படும் பண்பு ஒன்றும் இதில் உண்டு. குறியீட்டை உருவாக்கும்போதே பிழை திருத்தும் ஆற்றலை நான்கு நிலைகளில் அமைக்கலாம். உச்ச நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் அதில் அடங்கிய செய்தியை மீட்டெடுக்க இயலும். வியர்வை படிந்த கையில் கசங்கிய டோக்கனும், சட்டைப் பையில் நான்காக மடிக்கப்பட்ட டோக்கனும் மேசையில் படிக்கப்படுவது இதனால்தான்.

அறிவிப்புப் பலகைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் கோயில், பள்ளி, தேவாலயக் குழுக்களும் எங்களோடு இணைந்து முகாம் நடத்த முன்வரும்போது, முதலில் ஆயத்தம் செய்வது ஃப்ளெக்ஸ் பலகையைத்தான். அதில் குறியீட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மூலை. குறியீட்டின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவிலிருந்து அதனைப் படிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பவர் படிக்க வேண்டுமானால் குறியீடு 20 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளை ஓரம் வேண்டும். பளபளக்கும் லேமினேஷனில் வெயில் பட்டால் கேமரா தடுமாறும். ஆற்காடு சாலையில் ஓடும் ஆட்டோவின் முதுகில் குறியீட்டை ஒட்டுவதால் பயனில்லை. அதைப் படிக்க விரும்புவோர் பின்னால் ஓட வேண்டியிருக்கும். மக்கள் நின்று காத்திருக்கும் இடமே அதற்கு உரிய இடம்: மருந்துக்கடை முகப்பு, பேருந்து நிழற்குடை, குடியிருப்பின் மின்தூக்கி அருகில். அங்கும் நாள், நேரம், இடம், தொலைபேசி எண், வெறும் வயிற்றுடன் வர வேண்டுமா என்னும் விவரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிய பின்னரே குறியீடு. குறியீட்டுக்குள் மட்டும் செய்தியை வைப்பது, கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே வைப்பதற்கு ஒப்பாகும்.

இடத்துக்கு ஒரு குறியீடு என்று தனித்தனியே அச்சிடுவதால் எங்களுக்கு வேறொரு செய்தியும் கிடைக்கிறது. எந்தச் சுவரொட்டியைப் பார்த்து எத்தனை பேர் பதிவு செய்தனர் என்பது தெரியவரும். இதற்கு எவருடைய பெயரும் தேவையில்லை. மருந்துக்கடை முகப்பில் ஒட்டியதைப் பார்த்து வருவோருள் பலர் ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்கள். நோய் இருப்பதை அறியாதவர்களை அடைய, ஆட்டோ நிறுத்தம், காய்கறிக் கடைத் தெரு, தையற்கூடம் போன்ற இடங்களை நாட வேண்டியிருக்கிறது.

குறியீட்டின் வழியே பதிவு செய்பவர் தாம் வரும் நேரத்தையும் தேர்ந்துகொள்கிறார். இதனை வெறும் வசதி என்று கருதலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் அல்லது சர்க்கரையை விரைவாகக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர் உணவின்றி இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, குழப்பம், மயக்கம் வரை அது செல்லும். வெறும் வயிற்றுடன் வருவோருக்கு அதிகாலை நேரங்களை ஒதுக்குவதும், இன்சுலின் பற்றிய கேள்வியைப் பதிவுப் படிவத்திலேயே வைத்திருப்பதும் இதற்காகவே. மருந்தை அன்று எப்போது எடுக்க வேண்டும் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் குறியீட்டை ஸ்கேன் செய்ய இயலாதவர் யார்? கண்புரை முற்றியவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர், பொத்தான் கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர், எழுத்தறியாதவர், வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போனை மகன் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்ட தாய். முகாம் யாருக்குத் தேவையோ, அவர்களே இப்பட்டியலில் மிகுதி. 2021-இல் கோவிட் தடுப்பூசித் திட்டத்தில் நாடே இதனைக் கண்டது. அவ்வாண்டு மே 1 முதல் 18 முதல் 44 வயது வரையிலானோருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் தளத்தில் இணையவழி முன்பதிவு கட்டாயமாக இருந்தது. கைப்பேசியும் இணையமும் இல்லாதோர் என்ன செய்வர் என்று அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் வினவியது. அதற்குச் சில நாள் முன்னரே அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு வழி திறக்கப்பட்டிருந்தது. ஜூன் மாதத்தில் அது மேலும் விரிவாயிற்று.

எனவே எங்கள் முகாம்களில் நேரடிப் பதிவு மேசை என்றும் உண்டு. இடங்களில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்குகிறோம். அந்த மேசை வாசலுக்கு அருகிலேயே இருக்கும். அங்கே பதிவு செய்பவருக்கும் அதே குறியீடு அச்சிட்ட டோக்கன் தரப்படும். குறியீட்டை ஸ்கேன் செய்பவர் எங்கள் செவிலியர். நோயாளி அதை வைத்திருந்தால் போதும். கைப்பேசி இல்லாதவருக்கும் குறியீட்டின் பயன் முழுமையாகக் கிடைப்பது இவ்வாறுதான்.

குடும்பத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கைப்பேசி எண்ணில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள் என நால்வர் பதிவு செய்யப்படுவது வழக்கம். அது தவறன்று, ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி டோக்கன் வரும். நான்கையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு வரிசையில் மாற்றி மாற்றிக் காட்டும்போது, மாமனாரின் இரத்த அழுத்தம் மருமகளின் பெயரில் ஏறிவிட வாய்ப்புண்டு. செவிலியர் ஒவ்வொரு மேசையிலும் பெயரையும் வயதையும் கேட்பது இதனால்தான். ‘எத்தனை முறைதான் சொல்வது’ என்று சலித்துக்கொள்ள வேண்டா.

பதிவில் கொடுத்த எண் யாருடையது என்பதும் முக்கியமானது. பெற்றோருக்காக வெளியூரிலுள்ள பிள்ளைகள் அன்போடு பதிவு செய்து தம் எண்ணைக் கொடுத்துவிடுகின்றனர். முடிவு பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ சென்றுவிடும். வடபழனியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. ‘முடிவை யாரிடம் தெரிவிக்க வேண்டும்?’ என்ற கேள்வியைப் படிவத்தில் தனியே வைத்திருக்கிறோம். அதற்கு நோயாளியைக் கேட்டே விடை எழுதுங்கள். தம் நோயைப் பற்றி முதலில் அறியும் உரிமை அவருக்கே உண்டு.

எல்லா முடிவுகளையும் கைப்பேசிக்கு அனுப்புவதில்லை. உயரம், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை இணைப்பில் காணலாம். மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், விழித்திரையில் கசிவு போன்றவை ஐயத்துக்கு இடமாகத் தோன்றினால், தொலைபேசியில் அழைத்து நேரில் வரச் சொல்கிறோம். இத்தகைய செய்தியை ஒருவர் நள்ளிரவில் தனியே திரையில் படிக்க நேர்வதை நாங்கள் விரும்பவில்லை. ‘ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்’ என்று சிலர் வருந்துவர். எதிரே அமர்ந்து, அடுத்து செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்வதற்காகவே நேரில் அழைக்கிறோம்.

டோக்கனில் உள்ள குறியீட்டுக்குள் நோயின் பெயரோ முகவரியோ இல்லை; ஒரு முகாம் எண் மட்டுமே உள்ளது. முடிவுகளைத் திறக்கப் பிறந்த தேதியும் வேண்டும். இருப்பினும் டோக்கனைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடாதீர்கள். பிறந்த தேதி உறவினர் அனைவரும் அறிந்ததுதானே. மற்றொன்று: எங்கள் முகாம் குறியீடு எதுவும் பணமோ, ஓடிபியோ, வங்கி விவரமோ கேட்காது. கடைகளில் உண்மையான குறியீட்டின்மேல் வேறொன்றை ஒட்டி மோசடி செய்வதைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். சுவரொட்டியில் குறியீடு ஒட்டுத்தாளாக மேலே ஒட்டப்பட்டிருந்தாலோ, திறக்கும் பக்கத்தில் எங்கள் மருத்துவமனையின் முகவரி இல்லாவிட்டாலோ, விவரம் எதையும் இடாமல் வரவேற்புப் பகுதிக்குத் தெரிவியுங்கள்.

நாட்டின் பல மருத்துவமனைகளில் புறநோயாளி வரிசையிலும் இதே முறை வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ், 14 இலக்க ஆபா எண் உள்ளவர், பதிவு மேசையிலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து பெயர், வயது முதலியவற்றை அனுப்பி டோக்கன் பெறலாம். 2022 அக்டோபரில் டெல்லியின் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இது தொடங்கப்பட்டது. மருந்து அட்டைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும்: 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரிக்கப்படும், அரசு வரையறுத்த 300 வணிகப் பெயர் மருந்துகளின் உறையில் குறியீடு கட்டாயம், அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அடங்கியிருக்கும்.

ஆதலால் முகாமுக்கு வரும்போது ‘காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் ஒரு மஞ்சள் மாத்திரை’ என்று சொல்லாமல், மாத்திரை அட்டைகளையும் வெளி உறைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பழைய மருந்துச் சீட்டுகளும், கண்ணாடி அணிபவராயின் அக்கண்ணாடியும் வேண்டும். கைப்பேசி இல்லாவிட்டாலும் வாருங்கள். வாசலில் இடப்புறம் உள்ள முதல் மேசையில் பெயரைச் சொன்னால் போதும்.